கூச்சம், மரத்தல், தினவு: புலனுணர்வுச் செயலாக்க இடர்ப்பாடுடைய குழந்தைகளும் தமிழ்வழி வகுப்பறையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒலி, ஒளி, தொடுகை, அசைவு முதலிய புலத்தூண்டல்களை மூளை ஏற்று ஒழுங்குபடுத்தும் முறையில் சில குழந்தைகள் பிறரினின்று பெரிதும் வேறுபடுகின்றனர். வகுப்பறையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒழுக்கக்கேடாகவோ அறிவுக்குறைவாகவோ பெயர் பெறுகிறது. இவ்வாறு பெயரிடுவதில் தமிழ்ச் சொற்களின் பொருள்நகர்வுக்கும் பங்குண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கூச்சம், மரத்தல், தினவு ஆகிய மூன்று சொற்களை முன்வைத்து, புலனுணர்வுச் செயலாக்கம் என்னும் கருத்துருவை விளக்கி, கடலூர் மாவட்டம் வளையமாதேவி போன்ற சுரங்க விளிம்புச் சிற்றூரின் அரசுத் தொடக்கப்பள்ளிச் சூழலில் ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க வழிமுறைகளை இது தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புலனுணர்வு, கூச்சம், மரத்தல், தினவு, பொருள்நகர்வு, உள்ளடக்கிய கல்வி, வளையமாதேவி.

முன்னுரை

மணி அடித்ததும் இரு செவிகளையும் பொத்திக்கொள்ளும் குழந்தை, வரிசையில் நிற்கையில் பின்னிருப்பவரின் கை பட்டதும் திரும்பி அடிக்கும் குழந்தை, பெயர் சொல்லிப் பலமுறை அழைத்தும் திரும்பாத குழந்தை, ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமர இயலாத குழந்தை ஆகியோரைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிவர். இவர்களுக்கு முறையே பயந்தாங்கொள்ளி, முரடன், மந்தம், வாலு என்னும் பெயர்கள் வகுப்பறையில் எளிதில் அமைந்துவிடுகின்றன. இந்நான்கு பெயர்களும் குழந்தையின் இயல்பைக் குறிப்பன. அவற்றுள் ஒன்றேனும் குழந்தையின் உடல் என்ன உணர்ந்தது என்பதைக் குறிக்கவில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும்.

மருத்துவமும் கல்வியியலும் சார்ந்த இப்பொருள் தமிழாய்வின் எல்லைக்குள் வருமோ என்னும் வினா எழலாம். தமிழ்வழி வகுப்பறையில் குழந்தையை அடையாளப்படுத்துவது தமிழ்ச்சொல்லே. ஆகவே அச்சொல்லின் பொருளெல்லையை ஆராய்வது தமிழாய்வாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.

கருத்துருவின் தோற்றமும் எல்லையும்

புலனுணர்வு ஒருங்கிணைப்பு என்னும் கோட்பாட்டை உருவாக்கியவர் அமெரிக்கரான ஏ.ஜீன் ஏர்ஸ் ஆவார். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைத் துறையினரான இவர், புலனுணர்வு ஒருங்கிணைப்பையும் கற்றல் குறைபாடுகளையும் இணைத்து ஆராய்ந்த தம் நூலை 1972இல் வெளியிட்டார். கண்டும் கேட்டும் கற்பதற்கு முன்பாக, தன் உடல் எங்கே உள்ளது, எவ்வாறு அசைகிறது, எதைத் தொடுகிறது என்பன குழந்தையின் மூளையில் ஒழுங்குபட வேண்டும் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

ஐம்புலன்களோடு மேலும் மூன்றினை இத்துறையினர் இணைத்துப் பேசுவர். உட்செவியின் வழியே தலையின் அசைவையும் சமநிலையையும் உணர்வது ஒன்று. தசைகளும் மூட்டுகளும் உடலுறுப்புகளின் நிலையை அறிவிப்பது மற்றொன்று. பசி, தாகம், சிறுநீர் முட்டுதல் போன்ற உள்ளுடல் நிலைகளை உணர்வது மூன்றாவது. இவற்றை முறையே சமநிலைப் புலன், தசைமூட்டுப் புலன், உள்ளுடற் புலன் எனலாம்.

வின்னி டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1997இல் முன்வைத்த மாதிரி ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படுவது. தூண்டலை உணரத் தொடங்கும் வாயில் சிலருக்குத் தாழ்வாகவும் சிலருக்கு உயர்வாகவும் உள்ளது. அதற்கேற்பச் சிலர் தாமே செயற்படுகின்றனர். சிலர் செயற்படாது இருக்கின்றனர். இவ்விரண்டையும் பெருக்க நான்கு வகைகள் கிடைக்கின்றன. சிறு தூண்டலும் மிகுதியாய் உறைக்கப்பெற்று வருந்துவோர், அவ்வாறு உறைப்பதால் விலகி ஓடுவோர், தூண்டல் போதாமையால் அதனைத் தேடி அலைவோர், போதாமையைத் தாமும் உணராது வாளாவிருப்போர் என்பன அவை. ஒரே குழந்தை ஒலியில் ஒரு வகையாகவும் அசைவில் வேறு வகையாகவும் இருத்தல் கூடும்.

இக்கருத்துருவின் எல்லையையும் இங்கே சுட்டுதல் வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய்க்கண்டறி கையேடு, புலத்தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினையாற்றுதலை ஆட்டிசத்தின் அடையாளக் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் புலனுணர்வுச் செயலாக்க இடர்ப்பாட்டைத் தனி நோயாக அது ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2012இல், இதனைத் தனியொரு நோய்ப்பெயராகப் பொதுவில் வழங்குதல் கூடாது என்றும், இதற்கான சிகிச்சைகளின் பயன் குறித்த சான்றுகள் வரம்புக்குட்பட்டவை என்றும் அறிவுறுத்தியது. எனவே ‘கோளாறு’, ‘நோய்’ என்னும் சொற்களை விடுத்து ‘இடர்ப்பாடு’ என்னும் சொல்லையே இக்கட்டுரை ஆள்கிறது. நோய்ப்பெயர் குறித்த கருத்து வேறுபாடு குழந்தையின் துன்பத்தைப் பொய்யாக்குவதில்லை. பொருட்செலவு மிக்க சிகிச்சைகளைக் கண்மூடி ஏற்கலாகாது என்பதையே அது உணர்த்துகிறது.

தமிழ் மரபில் புலனும் குழவிப் பருவமும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. தொடுவுணர்வை முதலிலும் அதன்மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி ஆகியவற்றையும் நிறுத்தி, மனத்தை ஆறாவதாக வைக்கிறது. தொடுவுணர்வு அடித்தளமாகவும் மனம் மேல்நிலையாகவும் அமையும் இவ்வரிசை ஏர்ஸின் கருத்தை நினைவூட்டுவதாயினும், இரண்டும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. மரபியல் கூறுவது உயிர்வகைப்பாடு. ஏர்ஸ் கூறுவது ஒரு குழந்தையின் வளர்ச்சி. அறிவு என்பது புலன்வழியே தொடங்குவது என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று என்ற அளவில் இவ்வொப்புமையை நிறுத்திக்கொள்வது தகும்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் இவ்வகையில் மேலும் நெருக்கமானவை. கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, பறை முழக்கும் சிறுபறை, மணலில் வீடு சமைக்கும் சிற்றில், தேரை இழுத்துச் செல்லும் சிறுதேர், பெண்பால் பிள்ளைத்தமிழுக்குரிய ஊசல் என்பன குழவியின் அசைவும் தொடுகையும் விசையும் சமநிலையும் சார்ந்த விளையாட்டுகளே. இவை இலக்கிய மரபால் அமைந்தன என்பதும் குழந்தை வளர்ச்சி நூல்களாக எழுந்தன அல்ல என்பதும் வெளிப்படை. எனினும் குழந்தை அசைந்தும் இழுத்தும் தொட்டும் வளர்கிறது என்னும் கூர்நோக்கு அவற்றில் பதிந்துள்ளது. தட்டாமாலை, நொண்டி, பாண்டி, கிட்டிப்புள் போன்ற சிற்றூர் ஆட்டங்களும் இவ்வகையினவே. இன்றைய வகுப்பறை இவற்றை உணவு இடைவேளைக்கும் விளையாட்டுப் பாடவேளைக்கும் ஒதுக்கிவிட்டது.

மூன்று சொற்களின் பொருள்நகர்வு

‘கூசுதல்’ என்னும் வினை உடல்சார்ந்தது. வெயிலில் கண் கூசுகிறது. புளிப்பிலும் குளிரிலும் பல் கூசுகிறது. விலாவில் விரல் பட்டால் உடல் கூசுகிறது. தாங்கும் அளவை மீறிய தூண்டலுக்கு உறுப்பு பின்வாங்குதலே இவ்விடங்களிலெல்லாம் பொருள். செவிக்கும் நாவுக்கும் வருகையில் இச்சொல் இடம்பெயர்கிறது. காது கூசும் பேச்சு என்பது உரத்த பேச்சன்று, தகாத பேச்சு. நா கூசாமல் பொய் சொல்லுதல் என்பது சுவை பற்றியதன்று, நாணமின்மை பற்றியது. இறுதியில் ‘கூச்ச சுபாவம்’ என்பது உடலை முற்றிலும் விட்டு நீங்கி ஆளுமைப் பண்பாகிவிடுகிறது.

‘மரத்தல்’ என்பதும் இவ்வழியே சென்றது. நெடுநேரம் மடக்கி அமர்ந்தால் கால் மரத்துப்போகிறது. பல் பிடுங்குமுன் ஊசியிட ஈறு மரத்துப்போகிறது. மனம் மரத்தவர் என்னும்போது அது இரக்கமின்மையாகிறது. இதனோடு இணைந்த ‘உறைத்தல்’ மிளகாயின் காரத்தைக் குறித்துப் பின் அறிவுரை மனத்தில் பதிதலைக் குறிக்கிறது. ‘எத்தனை சொன்னாலும் உறைக்கவில்லை’ என்று ஆசிரியர் கூறும்போது, ஒலி செவிக்கு எட்டவில்லை என்னும் வாய்ப்பு கருதப்படுவதே இல்லை.

‘தினவு’ உடலின் அரிப்பைக் குறிப்பது. காப்பியப் போர்க்களங்களில் வீரரின் தோள் தினவு பெருமைக்குரியது. அன்றாட வழக்கில் ‘தினவெடுத்துத் திரிகிறான்’ என்பது வசை. அசைவையும் அழுத்தத்தையும் உடல் நாடித் தேடும் குழந்தைக்கு இவ்வசையே வாய்க்கிறது.

மூன்று சொற்களும் உடலில் தொடங்கி ஒழுக்கத் தீர்ப்பில் முடிகின்றன. வகுப்பறையில் நிகழ்வதும் இதுவே. குழந்தையின் உடல் காட்டும் எதிர்வினை நொடிப்பொழுதில் அதன் குணமாக மொழிபெயர்க்கப்படுகிறது. இம்மொழிபெயர்ப்பை மொழி தோற்றுவித்தது எனல் மிகையாகும். அதற்கு ஆயத்தமான வழித்தடத்தை மொழி வைத்திருக்கிறது என்பது பொருந்தும். எனவே கலைச்சொல் ஆக்கத்தில் உடற்பொருளை மீட்டெடுக்கும் வகையில் புலன்கூச்சம், புலன்மரப்பு, புலன்நாட்டம் ஆகிய மூன்றை இக்கட்டுரை முன்மொழிகிறது. ‘தினவு’ வசைப்பொருள் மிக்கதாதலின் அதற்கு மாற்றாக ‘நாட்டம்’ கொள்ளப்பட்டது. ‘மந்தம்’ என்பதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட்டது.

ஒரு பள்ளி நாளின் புலச்சுமை

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி நெல் விளையும் சிற்றூர். 1956இல் தொடங்கப்பெற்று இன்று என்.எல்.சி. இந்தியா என வழங்கும் நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கப் பகுதியில் இது உள்ளது. 2023 ஜூலை இறுதியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, பயிர் நின்ற வயல்களில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியபோது இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் அறியப்பட்டது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றும் பெரும் பொறிகள், பாரவண்டிகள், கடினப் பாறையைத் தளர்த்தும் வெடிகள் ஆகியன இயல்பான நிகழ்வுகள். அமைதியான நெற்பரப்பும் பொறியொலியும் அருகருகே அமைந்த இத்தகைய ஊர், பள்ளியின் புலச்சூழலைப் பள்ளிச் சுவருக்கு வெளியே இருந்தும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. புலன்கூச்சமுள்ள குழந்தையைத் துன்புறுத்துவது ஒலியின் அளவு மட்டுமன்று. எப்போது வருமென அறியவொண்ணாத அதன் தன்மையுமாகும்.

பாடவேளையில் வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சிமெண்டுத் தரையும் பூச்சுச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட கட்டடத்தில் ஒலி எதிரொலித்துப் பெருகுகிறது. ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகள் நடைபெறும் பள்ளியில் இச்சுமை மேலும் கூடும்.

கற்பித்தல் முறையும் இங்கே கருதத்தக்கது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007–08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தையை ஓரிடத்தில் கட்டிப்போடாமல் அசையவிட்டது; புலன்நாட்டமுள்ள குழந்தைக்கு இது பேருதவி. அதே முறையில் கம்பிப் பந்தலில் தொங்கும் படைப்புகளும் சுவரெங்கும் நிறைந்த அட்டைகளும் பார்வைக் கூச்சமுள்ள குழந்தையின் கவனத்தைச் சிதறடிக்க வல்லன. 2022–23 கல்வியாண்டில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பாடல், கைதட்டல், ஆடல் ஆகியன பெரும்பான்மைக் குழந்தைகளை ஈர்க்கின்றன. ஒலிக்கூச்சமுள்ள குழந்தைக்கோ அவ்வேளையே நாளின் கடினமான வேளையாகலாம். முறையைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று; அதனுள் ஒதுங்கிடம் ஒன்று வேண்டும் என்பதேயாம்.

உணவு வேளையும் புலச்சுமை மிக்கது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் நெடுங்காலமாக நடைபெறும் சத்துணவுத் திட்டமும் குழந்தைகளின் பசி போக்குகின்றன. எனினும் முட்டையின் மணம், குழைந்த சோற்றின் பதம், தட்டுகளின் ஓசை, கையால் பிசைந்துண்ணும் ஈரத்தொடுகை ஆகியவற்றைத் தாங்கவியலாத குழந்தை உணவை மறுக்கும். அதனை ‘நாக்கு நீளம்’ எனக் கடிந்தால் குழந்தை பசியோடு பிற்பகல் வகுப்புக்குச் செல்கிறது. ஒரு தேக்கரண்டியும் பந்தியின் ஓரத்தில் ஓரிடமும் இச்சிக்கலைப் பெரிதும் தணிக்கக்கூடும்.

ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க வழிமுறைகள்

முதலாவது, கூர்ந்து நோக்கல். எந்நிகழ்வுக்கு முன் என்ன நடந்தது, எவ்விடத்தில், எவ்வேளையில், அதன்பின் குழந்தை எதனால் அமைதியுற்றது என ஒரு வாரம் குறித்துவந்தால் ஒழுங்கு ஒன்று புலப்படும். செவித்திறனும் பார்வைத்திறனும் இயல்பாக உள்ளனவா என்பதை முதலில் மருத்துவ ஆய்வால் உறுதிசெய்தல் இன்றியமையாதது. அழைத்தும் திரும்பாமைக்குக் காதில் சீழ் காரணமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒலி. வாயில், சமையற்கூடம், சாலையோரச் சாளரம் ஆகியவற்றினின்று விலகிய இருக்கை, மணியடிக்கும் முன் மெல்லிய முன்னறிவிப்பு, உரத்த பாடலை அடுத்து மெல்லிய பாடல், தரையில் பாய், இருக்கைக் கால்களுக்குப் பழைய மிதிவண்டி டியூபின் உறை என்பன செலவின்றிச் செய்யத்தக்கன.

மூன்றாவது, காட்சி. கரும்பலகை அமைந்த சுவரையேனும் படங்களின்றி விடுதல் நன்று. நடப்புப் பாடத்துக்குரிய அட்டைகளை மட்டும் காட்சியில் வைத்து மற்றவற்றை மூடலாம்.

நான்காவது, தொடுகை. வரிசையின் முதலிலோ கடைசியிலோ நிறுத்துதல், பின்னிருந்து தொடாமல் முன்வந்து சொல்லித் தொடுதல், களிமண்ணையோ வண்ணத்தையோ கையால் தொட மறுப்பவருக்குக் குச்சி தருதல் ஆகியன இதில் அடங்கும். ‘பழகினால் சரியாகிவிடும்’ என வலிந்து தொடச்செய்வது அச்சத்தையே வளர்க்கும்.

ஐந்தாவது, அசைவும் விசையும். தசைகளும் மூட்டுகளும் விசை உணரும் வேலை பல குழந்தைகளை அமைதிப்படுத்துவதாகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கருதுவர். குறிப்பேடுகளைச் சுமந்து செல்லுதல், பாய்களை இழுத்து விரித்தல், கரும்பலகை துடைத்தல், செடிக்கு நீர் ஊற்றுதல் ஆகியவற்றை நெடுநேரம் அமரும் பாடத்துக்கு முன் வைக்கலாம். இங்கே ஒரு கட்டுப்பாடு தேவை. தமிழகப் பள்ளி வரலாற்றில் குழந்தைகளுக்கு வேலை பகிர்தல் சாதி, பால் வேறுபாடுகளின் சுவட்டைத் தாங்கியது. எனவே இவ்வேலைகள் வகுப்பிலுள்ள அனைவருக்கும் சுழற்சி முறையில் அமைதல் வேண்டும், துப்புரவுப் பணி எவ்வகையிலும் இதில் சேரலாகாது, தண்டனையாகவும் ஆகலாகாது. தோப்புக்கரணம் உடலுக்கு விசை தருவதாயினும் தண்டனையின் நினைவைச் சுமப்பதால் விலக்கத்தக்கது.

ஆறாவது, ஒதுங்கிடம். வகுப்பின் ஒரு மூலையில் பாயும் திரையும் இட்டு, தாங்கவியலாதபோது குழந்தை தானே சென்று சற்று அமர்ந்து மீள வழிசெய்யலாம். ஆசிரியர் அனுப்பும் இடமாக அது மாறினால் பழைய தண்டனை மூலையாகிவிடும். தேடி அலையும் குழந்தையும் விலகி ஓடும் குழந்தையும் ஒரே வகுப்பில் இருக்கையில் இருவர் தேவையும் மோதும். இருவரையும் அருகருகே அமர்த்தாமையும் அசைவு வேளையையும் அமைதி வேளையையும் மாற்றி மாற்றி வைத்தலும் இதற்குத் தீர்வாகும்.

ஏழாவது, சொல். ‘ஏன் இப்படிச் செய்கிறாய்?’ என்னும் வினாவுக்கு ஆறு வயதுக் குழந்தையிடம் விடையில்லை. ‘சத்தம் காதை வலிக்கச் செய்கிறதா?’ என்னும் வினாவுக்கு ஆம் எனத் தலையசைக்க இயலும். தன் உடல் உணர்வதைச் சொல்ல ஒரு சொல் கிடைத்த குழந்தை, அடிப்பதற்கு மாற்றாக அச்சொல்லைப் பயன்படுத்தக் கற்கும்.

சட்டமும் துணையமைப்பும்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பட்டப்பெயரிட்டு இழித்தல் இவ்வெல்லைக்குள் வரத்தக்கது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். அதன் 16ஆம் பிரிவு, தனியொருவரின் தேவைக்கேற்ப வசதிகளைச் செய்துதருதலைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது.

ஆட்டிசமோ வேறு ஏற்கப்பட்ட வகையோ இல்லாமல் புலனுணர்வு இடர்ப்பாடு மட்டுமே உள்ள குழந்தை இந்த 21 வகைகளுள் இடம்பெறாது. அதற்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ்வழி வரும் உதவிகளும் இல்லை. அக்குழந்தைக்கு எஞ்சியுள்ளது ஆசிரியரின் புரிதல் ஒன்றே. மேலே கூறிய வழிமுறைகளுள் எதற்கும் சான்றிதழ் தேவைப்படாது என்பது இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது.

இடர்ப்பாடு மிகுந்திருப்பின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரையும், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தையும் அணுகலாம். உயர்நிலை வழிகாட்டலுக்கு முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. சிற்றூர்ப் பெற்றோர்க்கு நெடும்பயணம் கூலியிழப்பாகும். ஆதலின் ஆசிரியர் தம் ஒரு வாரக் குறிப்பைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்தனுப்புவது, அம்முதற் பயணத்தைப் பயனுள்ளதாக்கும்.

முடிவுரை

புலனுணர்வுச் செயலாக்க இடர்ப்பாடு தனி நோயாக ஏற்கப்படாவிடினும் வகுப்பறையில் கண்கூடான துன்பமாக உள்ளது. கூச்சம், மரத்தல், தினவு ஆகிய தமிழ்ச் சொற்கள் உடலுணர்வினின்று குணத்தீர்ப்புக்கு நகர்ந்துள்ளன. குழந்தையைத் தவறாக அடையாளப்படுத்துதலும் இதே திசையில் நிகழ்கிறது. உடற்பொருளை மீட்கும் கலைச்சொற்கள் ஆசிரியரின் பார்வையைத் திருப்ப உதவும். கற்பித்தல் முறைகளின் செழுமை எல்லாக் குழந்தைக்கும் ஒரே வகையில் நன்மையாவதில்லை என்பதால், அவற்றினுள் அமைதிக்கும் இடம் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் பிறமொழிக் கலைச்சொற்களை நேரே பெயர்த்துத் தருகின்றன. அவற்றினிடத்தில் கண் கூசுதலும் கால் மரத்தலும் போன்ற, ஆசிரியர் தம் உடலிலேயே அறிந்த சொற்களைக் கொண்டு இக்கருத்தை விளக்குதல் எளிது. வட்டார வழக்குகளில் இவ்வகைச் சொற்களைத் தொகுத்து ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.